கார்புரேட்டருக்குக் கடைசி இடம்

பழைய வண்டி: கேள்வி பதில்

இந்த மாதக் கடிதங்களை மேசையில் பரப்பிப் பார்த்தேன். ஊர் வேறு, வண்டி வேறு. ஆனால் பாதிக் கடிதங்களில் ஒரே வரி: "கார்புரேட்டரை டியூன் பண்ண வேண்டும், எந்த ஸ்குரூவை எத்தனை சுற்று திருப்புவது?" கார்புரேட்டர் என்பது பெட்ரோலையும் காற்றையும் கலந்து எஞ்சினுக்குள் அனுப்பும் பாகம்.

1974ல், 16 வயதில், பினாங்கு ஜெலுத்தோங்கில் ஒரு சீனர் பட்டறையில் வேலைக்குச் சேர்ந்தேன். முதல் எட்டு மாதம் தவுக்கே, அதாவது முதலாளி, என் கையில் திருப்புளியே தரவில்லை. பிளக் தேய்ப்பது, மற்றவர்கள் கழற்றிப் போட்டதை மண்ணெண்ணெயில் கழுவுவது, தே-ஓ வாங்கி வருவது, இதுதான் வேலை. கையில் திருப்புளி கிடைத்த அன்று நான் நேராகப் போனது ஒரு கார்புரேட்டரிடம். தவுக்கே என் மணிக்கட்டைப் பிடித்து நிறுத்தினார். "அது கடைசி," என்றார். மலாயில் இரண்டே சொல். சரி, கடிதங்களுக்கு வருவோம்.

*

என்னிடம் இருப்பது 1990 புரோட்டான் சாகா 1.5 கார். சிவப்பு விளக்கில் நின்றால் எஞ்சின் நடுங்கி நின்றுவிடும். ஏர்கோன் போட்டால் இன்னும் மோசம். இரண்டு இடத்தில் 'டியூன்' செய்து கொடுத்தார்கள். இப்போது நிற்பதில்லை. ஆனால் பெட்ரோல் ஏகமாகக் குடிக்கிறது, சாவியை அணைத்த பிறகும் நாலைந்து தடவை உதறிவிட்டுத்தான் அடங்குகிறது. கார்புரேட்டரை மாற்றிவிடலாமா?
வாசகர், பாயான் பாரு

மாற்றாதீர்கள். உங்கள் கார்புரேட்டர் செய்த குற்றம் என்ன என்று இன்னும் யாரும் விசாரிக்கவே இல்லை.

நடந்தது இதுதான் என்று நினைக்கிறேன். எஞ்சின் நிற்கிறது என்றதும் ஐட்லிங் ஸ்குரூவை (மிதிக்காதபோது எஞ்சின் ஓடும் வேகத்தை வைப்பது அது) முறுக்கி வேகத்தை ஏற்றியிருக்கிறார்கள். நிமிடத்துக்கு 800 சுற்று வாக்கில் ஓட வேண்டிய எஞ்சின் 1,200ல் ஓடினால் நிற்காதுதான். காய்ச்சல்காரனுக்கு இரண்டு போர்வையைப் போர்த்திவிட்டு, நடுக்கம் போய்விட்டது என்று சொல்வது மாதிரி.

கார்புரேட்டரின் தொண்டையில் ஒரு வட்டத் தகடு இருக்கிறது. நீங்கள் மிதிக்கும்போது திறப்பது அதுதான். ஐட்லிங்கில் அது ஏறக்குறைய மூடியிருக்கும். தகட்டுக்குக் கீழே ஊசிமுனை அளவில் ஒரு துளை. பெட்ரோல் கலவையைக் கூட்டிக் குறைக்கும் மிக்ஸர் ஸ்குரூ காவல் காப்பது அந்த ஒரு துளைக்கு மட்டும். தகட்டின் விளிம்பை ஒட்டி, சற்று மேலே, இன்னும் ஒன்றிரண்டு துளைகள் உண்டு. லேசாக மிதிக்கும்போது எஞ்சின் திணறாமல் இருக்கப் பெட்ரோல் தருவதற்காக வைத்தவை. ஐட்லிங் ஸ்குரூவை ஏற்றிக்கொண்டே போனால் தகடு அந்தத் துளைகளையும் தாண்டித் திறந்து நின்றுவிடும். பெட்ரோல் அங்கிருந்தும் இறங்கும். அப்புறம் மிக்ஸர் ஸ்குரூவை என்ன திருப்பினாலும் எஞ்சின் கண்டுகொள்ளாது. உங்கள் வண்டியில் அதைச் சோதித்துப் பாருங்கள்: எஞ்சின் ஓடும்போது மிக்ஸர் ஸ்குரூவை மெதுவாக முழுக்க உள்ளே கொண்டு போங்கள். எஞ்சின் திணறாமல் அப்படியே ஓடினால் நான் சொன்னதுதான். அணைத்த பிறகு உதறுவதற்கும் இதுவே காரணம். தகடு திறந்திருப்பதால் சூடான எஞ்சின் இன்னும் காற்றையும் பெட்ரோலையும் உறிஞ்சி, பிளக் இல்லாமலே தானாகப் பற்றிக்கொள்கிறது.

சரி, முதலில் ஏன் நின்றது? என் பந்தயம் வெளிக்காற்று மேல். சாகாவில் பானெட்டைத் திறந்தால் கறுப்பு ரப்பர் குழாய்கள் நூடுல்ஸ் மாதிரி கிடக்கும். ஒவ்வொன்றும் 30 வருஷத்துக்கு மேல் எஞ்சின் சூட்டில் வெந்தது. நுனியை விரலால் வளைத்துப் பாருங்கள், அப்பளம் மாதிரி முறியும். முறிந்த இடத்தில் காற்று உள்ளே போகிறது. அந்தக் காற்று கார்புரேட்டர் கணக்கில் வராத காற்று. நெடுஞ்சாலையில் எஞ்சின் நிறையக் காற்றைக் குடிப்பதால் அந்தத் திருட்டுக் காற்று பெரிதாகத் தெரியாது. ஐட்லிங்கில் மொத்தக் காற்றே கொஞ்சம்தான், அதில் இது சேர்ந்தால் கலவை நீர்த்துப்போகும்.

தேடும் முறை: எஞ்சினை ஓடவிட்டு, குழாய்களை ஒவ்வொன்றாக இடுக்கியால் பதமாக நெரியுங்கள். எதை நெரிக்கும்போது ஓட்டம் மாறுகிறதோ, ஓட்டை அந்தப் பக்கம். பிரேக் பூஸ்டருக்குப் போகும் தடித்த குழாயை மறக்காதீர்கள். அதை நெரித்ததும் எஞ்சின் அமைதியானால் பூஸ்டரின் உள்சவ்வு கிழிந்திருக்கலாம். அது டியூனிங் விஷயம் இல்லை, பிரேக் விஷயம், அன்றைக்கே பாருங்கள். அப்புறம் கார்புரேட்டர் உட்கார்ந்திருக்கும் அடித்தட்டு. சவர்க்காரத் தண்ணீரைச் சுற்றி விட்டுப் பாருங்கள், உறிஞ்சும் இடம் தெரியும். கார்புரேட்டர் கிளீனரைத் தெளித்துப் பார்ப்பவர்களும் உண்டு. சூடான எக்ஸோஸுக்குப் பக்கத்தில் அது பற்றிக்கொள்ளும் பொருள் என்பது ஞாபகம் இருக்கட்டும்.

பிளக்குகளுக்கு மின்சாரத்தைப் பங்கிடும் டிஸ்டிரிபியூட்டருக்குப் போகும் மெல்லிய குழாயைக் கார்புரேட்டர் பக்கம் கழற்றி, வாயில் வைத்து உறிஞ்சி, நாக்கால் அடைத்துப் பாருங்கள். நாக்கைக் குழாய் பிடித்துக்கொண்டே இருந்தால் சவ்வு நல்லது. விட்டுவிட்டால் கிழிசல். வாய் கசக்கும், ஆனால் இதைவிட மலிவான கருவி கிடையாது.

ஏர்கோன் போட்டால் மோசம் என்கிறீர்கள். கம்ப்ரஸர் எஞ்சின் தோளில் ஏறும் நேரத்தில் தகட்டைச் சற்றுத் தள்ளித் திறக்க ஒரு சின்னக் குடுவை இருக்கிறது. அதுவும் இதே மாதிரி ஒரு ரப்பர் குழாயில்தான் வேலை செய்கிறது. ஏர்கோனைப் போடும்போது அதன் கம்பி அசைகிறதா பாருங்கள். அசையாவிட்டால் குழாயைப் பாருங்கள். இன்னொன்று, எஞ்சினை ஓடவிடாமல் சாவியை 'ஆன்' நிலைக்குத் திருப்பும்போது கார்புரேட்டர் பக்கத்தில் 'டிக்' என்று ஒரு சத்தம் வர வேண்டும். ஐட்லிங் பெட்ரோலைத் திறந்துவிடும் மின்வால்வு அது. சத்தம் இல்லை என்றால் பெட்ரோலுக்கு அங்கேயே கதவு மூடியிருக்கிறது.

இதெல்லாம் முடிந்த பிறகுதான் ஸ்குரூ. எஞ்சின் நன்றாகச் சூடேறி, ரேடியேட்டர் காற்றாடி ஒரு தடவையாவது ஓடி நின்றிருக்க வேண்டும். விளக்கு, ஏர்கோன் எல்லாம் அணைந்திருக்கட்டும். சோக், அதாவது குளிரில் காற்றைக் குறைக்கும் மூடி, முழுக்கத் திறந்திருக்கட்டும். ஏர் பில்டர் அதன் இடத்திலேயே இருக்க வேண்டும். பலர் அதைக் கழற்றி வைத்துவிட்டு டியூன் செய்கிறார்கள், மூடியைப் போட்டதும் கணக்கு மாறிவிடுகிறது. முதலில் ஐட்லிங் ஸ்குரூவைத் தளர்த்தி, எஞ்சின் நிற்காமல் ஓடக்கூடிய குறைந்த வேகத்துக்குக் கொண்டு வாருங்கள். அப்புறம் மிக்ஸர் ஸ்குரூவைக் கால் சுற்று, கால் சுற்றாக உள்ளே. எஞ்சின் லேசாக நொண்ட ஆரம்பிக்கும். அங்கிருந்து வெளியே திருப்பிக்கொண்டு வந்தால் ஓர் இடத்தில் சத்தம் நிமிரும், வேகமும் சற்று ஏறும். அதுதான் இடம். ஏறிய வேகத்தை ஐட்லிங் ஸ்குரூவால் இறக்கி, மறுபடி ஒரு முறை இதையே செய்யுங்கள். ஸ்குரூவைக் கடைசிவரை இறுக்கி அழுத்தாதீர்கள். அதன் ஊசிமுனையில் வளையம் விழுந்துவிட்டால் பிறகு எந்தக் கைக்கும் அடங்காது.

*

பழைய எஞ்சினுக்கு ரோன் 97 ஊற்றினால் இழுவை கூடுமா?
வாசகர், பெர்மாத்தாங் பாவ்

கூடாது. பம்புக்காரருக்கு லாபம் கூடும். ரோன் எண் என்பது பெட்ரோல் முந்திரிக்கொட்டைத்தனமாக வெடிக்காமல் பொறுத்துக்கொள்ளும் திறன். சக்தியின் அளவு அல்ல. 95லேயே மேடு ஏறும்போது 'கிளிங் கிளிங்' என்று தட்டுகிறது என்றால், முதலில் டைமிங்கை, அதாவது பிளக்கில் பொறி விழும் நேரத்தை, பாருங்கள்.

*

கஞ்சில் 660, கார்புரேட்டர் வண்டி. காலையில் ஒரே திருப்பில் பிடிக்கிறது. பசாரில் நிறுத்திவிட்டுப் பதினைந்து நிமிடத்தில் திரும்பி வந்தால் பிடிப்பதே இல்லை, பெட்ரோல் வாடை வேறு. ஒரு மணி நேரம் விட்டால் ஒன்றுமே நடக்காத மாதிரி ஓடுகிறது. வெயில் நாளில்தான் இப்படி.
வாசகி, பட்டர்வொர்த்

உங்கள் கடிதத்தைப் படித்ததும் எனக்குத் தீவுக்கும் பட்டர்வொர்த்துக்கும் நடுவே ஓடும் பெர்ரிப் படகின் நினைவு வந்தது. ஏன் என்று சொல்கிறேன்.

எஞ்சினை அணைத்ததும் தண்ணீர் ஓடாது, காற்றாடியும் ஓடாது. இரும்பில் இருக்கும் சூடு எல்லாம் மேலே ஏறும். மேலே உட்கார்ந்திருப்பது கார்புரேட்டர். அதன் வயிற்றில் இருக்கும் பெட்ரோல் கொதித்து, தொண்டை வழியாக எஞ்சினுக்குள் சொட்டும். பதினைந்து நிமிடம்தான் அந்தச் சூடு உச்சத்தில் இருக்கும் நேரம். நீங்கள் வந்து சாவியைத் திருப்பும்போது உள்ளே பெட்ரோல் குளம். பிடிக்கவில்லையே என்று மிதியை நாலு தடவை பம்ப் செய்கிறோம் அல்லவா, ஒவ்வொரு மிதிக்கும் இன்னும் ஒரு பீச்சு பெட்ரோல் உள்ளே போகிறது.

ஆகவே பம்ப் செய்யாதீர்கள். மிதியைத் தரைவரை ஒரே அழுத்தாக அழுத்தி, அப்படியே பிடித்துக்கொண்டு சாவியைத் திருப்புங்கள். தொண்டை முழுக்கத் திறந்தால் காற்று நிறைய வந்து குளத்தை வடிக்கும். ஆறேழு விநாடியில் இருமிக்கொண்டு பிடிக்கும். இப்படிப் பிடித்தால் நோய் சூடுதான். பிடிக்கவில்லை என்றால், அந்த நேரத்திலேயே ஒரு பிளக்கைக் கழற்றிப் பொறி வருகிறதா பாருங்கள், பெட்ரோல் வாடை அடங்கிய இடத்தில் தள்ளி வைத்து. பொறிக்கு மின்சாரம் தரும் காயில் சூட்டில் மட்டும் படுத்துக்கொள்வதும் உண்டு. அறிகுறி இரண்டுக்கும் ஒன்றே.

சூடுதான் என்றால், கார்புரேட்டருக்கும் அதன் கீழ் இருக்கும் மேனிபோல்டுக்கும் நடுவே சூட்டைத் தடுக்கும் தடித்த தட்டு சரியாக இருக்கிறதா என்று கேளுங்கள். பெட்ரோல் குழாய் எக்ஸோஸ் பக்கம் சாய்ந்து கிடக்கிறதா என்றும் பாருங்கள். கார்புரேட்டர் வயிற்றில் பெட்ரோல் அளவைக் காக்கும் மிதவையின் மட்டம் உயரமாக இருந்தாலும் இதே தொல்லைதான்.

இப்போது பெர்ரி. பாலம் 1985ல்தான் திறந்தது. அதற்கு முன் தீவுக்கு வண்டியோடு வர ஒரே வழி பெர்ரிதான். நான் அப்போது கொஞ்சம் வேலை கற்றுவிட்டேன் என்ற நினைப்பில் இருந்த பையன். ஒரு கொரோல்லாவின் கார்புரேட்டரைப் பிரித்து மாட்டி, பட்டர்வொர்த்தில் இருந்த சொந்தக்காரரிடம் கொடுக்க ஓட்டிப்போனேன். மதிய வெயில், பெங்கலான் வெல்டில் நீண்ட வரிசை, ஊர்ந்து ஊர்ந்து ஏறி எஞ்சினை அணைத்தேன். அக்கரை சேரக் கால் மணி நேரம். கதவு இறங்கியது, முன்னால் இருந்த வண்டிகள் போய்விட்டன, எனது மட்டும் பிடிக்கவில்லை. பின்னால் நாலு வரிசை ஹாரன். கடைசியில் பெர்ரிக்காரர்கள் இரண்டு பேர் தள்ளித்தான் கரை ஏற்றினார்கள்.

திரும்பி வந்து பார்த்தால், சூட்டைத் தடுக்கும் அந்தப் பேக்கலைட் தட்டு என் மேசையிலேயே இருக்கிறது. பெரிய பிஸ்கட் அளவு, பழுப்பு நிறம். பழைய கேஸ்கெட்டின் துண்டு என்று நினைத்து ஒதுக்கிவிட்டு, மெல்லிய கேஸ்கெட்டை மட்டும் போட்டு மாட்டியிருந்தேன். தவுக்கே திட்டவில்லை. ஓர் ஆணியை எடுத்து, என் கருவிப் பெட்டிக்கு மேலே சுவரில் அடித்து, அந்தத் தட்டை அதில் மாட்டிவிட்டுச் சாப்பிடப் போனார். கொரோல்லாவுக்கு வேறு தட்டு என் சம்பளத்தில் வாங்கினோம். ஆணியில் இருந்தது அங்கேயே இருந்தது, பட்டறை மூடும்வரை.

*

அங்கிள், அப்பாவின் 1976 தட்சன் 120ஒய் மூன்று வருஷமாகப் போர்ச்சில் நிற்கிறது. அப்பா இல்லை. விற்க மனமில்லை. பேட்டரி மட்டும் வாங்கிப் போட்டால் ஓடுமா? அவர் வைத்திருந்த பீலர் கேஜ், ஒரு டைமிங் லைட் எல்லாம் பெட்டியில் இருக்கிறது. நானே செய்ய முடியுமா?
வாசகி, ஆயர் ஈத்தாம்

முடியும் மகளே. டைமிங் லைட் வாங்கி வைத்திருந்த மனிதர் வண்டியைச் சும்மா வைத்திருந்திருக்க மாட்டார். பேட்டரியை மட்டும் இன்றைக்கு மாட்டாதீர்கள்.

முதல் நாள் பெட்ரோல். மூன்று வருஷத்துப் பெட்ரோல் பெட்ரோலே இல்லை, கெட்டுப்போன வார்னிஷ். வாடையிலேயே தெரியும். தொட்டியை முழுக்க வடித்துவிடுங்கள். வடிந்ததில் செம்பழுப்புத் தூள் இருந்தால் தொட்டியின் உள்ளே துரு. நம் தீவின் கடல் காற்றுக்கு அது சகஜம். பெட்ரோல் போகும் ரப்பர் குழாய்களை எல்லாம் மாற்றுங்கள், பார்க்க நன்றாக இருந்தாலும். நடுவில் கண்ணாடி மாதிரித் தெரியும் பில்டர் ஒன்றைப் போடுங்கள், துரு வந்தால் கண்ணில் படும்.

பிளக் நாலையும் கழற்றி, ஒவ்வொரு குழியிலும் ஒரு தேக்கரண்டி எஞ்சின் எண்ணெய் விட்டு, ஒரு ராத்திரி விடுங்கள். மறுநாள் முன்பக்கக் கப்பியில் ஸ்பேனர் போட்டுக் கையால் இரண்டு சுற்று சுற்றுங்கள். தடையில்லாமல் சுற்றினால் நிம்மதி. பிளக்கைக் கழற்றும்போது அதன் மூக்கைப் பாருங்கள், அப்பா கடைசியாக எப்படி ஓட்டினார் என்று அது சொல்லும். தே தாரிக் (பால் டீ) நிறம் என்றால் கலவை சரியாக இருந்திருக்கிறது. கரி மாதிரி உலர்ந்த கறுப்பு என்றால் பெட்ரோல் அதிகம். சாம்பல் வெள்ளை என்றால் பெட்ரோல் போதவில்லை. ஈரப் பிசுபிசுப்பு என்றால் எஞ்சின் எண்ணெய் மேலே ஏறுகிறது.

இனி வரிசை. இந்த வரிசையை மாற்றினால் செய்த வேலையையே திரும்பச் செய்ய வேண்டி வரும். முதலில் வால்வு இடைவெளி. இந்த ஏ12 எஞ்சினுக்கு, சூடாக இருக்கும்போது, இரண்டு வகை வால்வுக்கும் 0.35 மில்லிமீட்டர். ஆனால் சூடாக்க எஞ்சின் ஓட வேண்டுமே என்று கேட்பீர்கள். இப்போதைக்குக் குளிரில் அந்த அளவுக்கு வைத்து ஓட்டுங்கள், ஓடிச் சூடான பிறகு மறுபடி சரிபாருங்கள். இடைவெளியை அளக்கும் பீலர் கேஜின் தகடு வெண்ணெயில் கத்தி போகிற மாதிரி வழுக்கக் கூடாது, இழுத்தால் வராமலும் இருக்கக் கூடாது. புத்தகத்துக்குள் வைத்த காகிதத்தை உருவுகிற மாதிரி ஒரு மெல்லிய பிடி இருக்க வேண்டும். அந்தப் பிடியை எழுத்தில் சொல்ல முடியாது, நாலாவது வால்வுக்கு வரும்போது கை தானாகக் கற்றுக்கொண்டிருக்கும்.

அடுத்தது பாயிண்ட். டிஸ்டிரிபியூட்டர் மூடியைத் திறந்தால் இரண்டு சிறு உலோகப் பொட்டுகள் ஒன்றையொன்று தொட்டுத் தொட்டு விலகுவது தெரியும். மூன்று வருஷ ஈரத்தில் அவற்றின் முகம் மங்கியிருக்கும். வண்டி பிடிக்காததற்குப் பாதி நேரம் இதுதான் காரணம், பழி கார்புரேட்டருக்கு. பழசைத் தேய்ப்பதைவிடப் புதுசு போடுங்கள், கன்டென்சரையும் சேர்த்து. நடுவில் இருக்கும் கேமின் மேட்டில் பாயிண்டின் குதிகால் ஏறி நிற்கும்போது இடைவெளி 0.5 மில்லிமீட்டர். பிளக்குக்கு 0.8.

அதற்குப் பிறகுதான் டைமிங். முன்னால் டைமிங் வைத்துவிட்டுப் பின்னால் பாயிண்டைத் தொட்டால், வைத்த டைமிங் போச்சு. இடைவெளி கூடினால் பாயிண்ட் முன்கூட்டித் திறக்கும், பொறியும் முந்தும். குறைந்தால் பிந்தும். குதிகால் தேயத் தேய இடைவெளி தானாகக் குறைந்துகொண்டே வருவதால்தான் இந்த வண்டிகள் மாதம் போகப் போக மந்தமாகின்றன. டைமிங் லைட்டை ஒன்றாம் சிலிண்டரின் வயரில் மாட்டி, டிஸ்டிரிபியூட்டருக்குப் போகும் காற்றுக் குழாயைக் கழற்றி அடைத்துவிட்டு, கப்பியின் கோடு எந்த எண்ணில் நிற்கிறது என்று பாருங்கள். எந்த எண் என்பதை அந்த வண்டியின் கையேட்டில் பார்த்துக்கொள்ளுங்கள். அப்பாவின் பெட்டியில் கட்டாயம் இருக்கும். கோட்டில் வெள்ளைச் சுண்ணாம்பைத் தேய்த்தால் தெளிவாகத் தெரியும். கழுத்துச் சங்கிலி, தளர்ந்த துப்பட்டா, அவிழ்ந்த முடி எதுவும் அந்தக் காற்றாடிப் பக்கம் வேண்டாம். போர்ச் மூடியிருந்தால் கதவைத் திறந்துவிடுங்கள், எக்ஸோஸ் புகை ஆளைக் கொல்லும்.

இந்த எஞ்சின் பிடித்து ஓடும்போது, ஹிட்டாச்சி கார்புரேட்டரின் முகத்தில் ஒரு சின்னக் கண்ணாடி ஜன்னலைப் பாருங்கள். உள்ளே பெட்ரோல் நிற்பது மீன்தொட்டி மாதிரி தெரியும். கண்ணாடியில் இருக்கும் குறிக்கு நேராக அது நிற்க வேண்டும். மேலே ஏறி வழிந்தால் ஊசி வால்வில் வார்னிஷ் ஒட்டியிருக்கிறது. உடனே அணைத்துவிடுங்கள், வழிகிற பெட்ரோலோடு விளையாட வேண்டாம். மட்டத்துக்கே வரவில்லை என்றால் பம்பின் சவ்வு காய்ந்து போயிருக்கும். கார்புரேட்டரைக் கழற்றிக் கழுவும் நிலை வந்தால், ஜெட் துளைகளில் கம்பி விடாதீர்கள். பித்தளை மென்மையானது, ஒரு தடவை கம்பி போனாலே துளை பெரிதாகும், அந்த வண்டி அதன்பிறகு என்றைக்கும் அதிகம் குடிக்கும். கிளீனரில் ஊறவைத்துக் காற்றடித்தால் போதும்.

கடைசி வேலையாக மிக்ஸர் ஸ்குரூ. முறை மேலே பாயான் பாரு வாசகருக்குச் சொன்னதேதான்.

நன்றாக ஓடுகிறதா என்று பார்க்க, பாயா தெருபோங்கிலிருந்து துன் சார்டோன் சாலை வழியாகப் பாலேக் பூலாவ் வரை ஒரு காலையில் ஏறி இறங்குங்கள். அந்த மேட்டில் மூன்றாம் கியரில் இருமாமல் இழுத்தால் டியூனிங் முடிந்தது. ஏறி முடித்த இடத்தில் ஓரமாக நிறுத்தி அணைத்து, சூடு ஆறியதும் ஒரு பிளக்கைக் கழற்றிப் பாருங்கள். வீட்டு வாசலில் சும்மா ஓடவிட்டுப் பார்த்த பிளக் பொய் சொல்லும்.

*

மோரிஸ் மைனர், எஸ்.யு. கார்புரேட்டர். மிதித்தால் ஒரு கணம் தயங்கி அப்புறம்தான் போகிறது. மற்றபடி குறை இல்லை.
வாசகர், தைப்பிங்

ஐயா, உச்சியில் இருக்கும் கறுப்பு மூடியைத் திருகி எடுங்கள். அதன் அடியில் ஒரு சிறு தண்டு தொங்கும். உள்ளே எண்ணெய் இருக்கிறதா? இருக்காது. அந்த எண்ணெய்தான் மிதிக்கும்போது பிஸ்டன் துள்ளி ஏறாமல் பிடித்துவைத்து, கலவையை ஒரு கணம் கெட்டியாக்குகிறது. எஸ்.ஏ.இ. 20 எண்ணெய் போதும். மூடியை மெதுவாக இறக்கும்போது, இருக்கையில் உட்கார இன்னும் 6 மில்லிமீட்டர் இருக்கையிலேயே கையில் தடை தெரிந்தால் அளவு சரி. எண்ணெய் ஊற்றியும் தயங்கினால், எஞ்சின் ஓடும்போது பக்கத்தில் இருக்கும் சிறு ஊசியைத் தள்ளிப் பிஸ்டனை ஒரு மில்லிமீட்டருக்கும் குறைவாகத் தூக்குங்கள். வேகம் ஏறி அப்படியே நின்றால் பெட்ரோல் அதிகம், அடியில் இருக்கும் நட்டை மேலே திருப்புங்கள். உடனே படுத்தால் பெட்ரோல் குறைவு, கீழே திருப்புங்கள். லேசாக ஏறி உடனே பழைய இடத்துக்கு வந்தால் கையை எடுத்துவிடுங்கள்.

எனக்கு இந்தக் கார்புரேட்டர் மேல் ஒரு தனிப் பிரியம். இதைக் கண்டுபிடித்த ஸ்கின்னர் காலணி வியாபாரக் குடும்பத்துப் பிள்ளை. முதலில் செய்ததில் பிஸ்டனுக்குப் பதில் தோலில் தைத்த துருத்திதான் வைத்திருந்தாராம். கையில் இருக்கும் பொருளில்தான் மூளை ஓடும்.

*

கோலாலம்பூரிலிருந்து கெந்திங் மலை ஏறினால் என் கொரோல்லா கேஇ70 உச்சியில் கறுப்புப் புகை விட்டு, ஐட்லிங்கில் தடுமாறுகிறது. கீழே வந்ததும் சரியாகிவிடுகிறது. மேலேயே ஒருவரிடம் டியூன் செய்துகொண்டேன், இப்போது கீழே சரியில்லை.
வாசகர், செந்தூல்

செய்திருக்கக் கூடாது. உச்சி கடல் மட்டத்துக்கு மேல் ஏறத்தாழ 1,800 மீட்டர். அங்கே காற்றின் அடர்த்தி ஆறில் ஒரு பங்கு குறைவு. கார்புரேட்டருக்குக் காற்றை எடைபோடத் தெரியாது. மெல்லிய காற்றுக்கும் தாராளமாகப் பெட்ரோலை விடுகிறது, அதனால் புகை. மேலே அதற்கேற்பக் குறைத்துவிட்டால், கீழே கெட்டியான காற்றில் பெட்ரோல் போதாது. போதாத கலவையோடு நெடுஞ்சாலையில் மிதித்தால் எஞ்சின் அளவுக்கு மீறிச் சூடாகும். இந்த வாரமே கீழே வைத்து மறுபடி சரிசெய்யுங்கள். அடுத்த முறை ஏறும்போது ஏர் பில்டர் சுத்தமாக இருக்கட்டும், மேலே கொஞ்சம் தடுமாறினால் தடுமாறட்டும், இரண்டு மணி நேர விஷயம். இறங்கும்போது கியரில் பிடித்து இறங்குங்கள், பிரேக்கில் அல்ல.

*

சாகாவுக்கு இரட்டை வெபர் மாட்டினால் என்ன வரும்?
வாசகர், வயது 21, சுங்கை டுவா

சத்தம் வரும் தம்பி. அப்புறம் கடன். முதலில் இருக்கிற ஒன்றை ஒழுங்காக ஓட வையுங்கள். இரட்டை வெபர் கார்புரேட்டர் என்றால் நாலு தொண்டை, ஒவ்வொன்றுக்கும் தனித்தனி ஜெட், தனித்தனி ஸ்குரூ. ஒன்றைச் சரியாக வைக்கத் தெரியாதவருக்கு நாலு கிடைத்தால் நாலு மடங்கு தலைவலி.

*

உங்கள் பட்டறை எங்கே? வண்டியை நேரில் கொண்டு வரலாமா?
பல வாசகர்கள்

பட்டறை மூடியாகிவிட்டது. எங்கள் கார் தூக்கி நின்ற இடத்தில் இப்போது கைப்பேசி உறை விற்கிறார்கள். எழுதுங்கள், பதில் சொல்கிறேன். ஆனால் "வண்டி சரியில்லை" என்று மட்டும் எழுதாதீர்கள். என்ன வண்டி, எந்த வருஷம், காலைக் குளிரில் எப்படி, சூட்டில் எப்படி, மேட்டில் எப்படி, பிளக்கின் நிறம் என்ன, கடைசியாக யார் எதைத் திருகினார்கள் என்று எழுதுங்கள். திருகியது நீங்களே என்றால் அதையும் மறைக்காமல் எழுதுங்கள், பெயர் போட மாட்டோம்.